யாரும் எடுக்காத கால் எங்கே போகும்?

1/ ஆஸ்பத்திரி போர்டில் இருப்பது ஒரே ஒரு நம்பர். உள்ளே மேஜைக்கு மேஜை போன். இரண்டையும் இணைப்பது பி.ஏ.பி.எக்ஸ். பெட்டி. வெளியிலிருந்து வரும் லைன் ட்ரங்க், உள்ளே இருப்பது எக்ஸ்டென்ஷன். எக்ஸ்டென்ஷனை யாரும் எடுக்கலன்னா அந்தக் கால் எங்கே போகணும்னு முன்கூட்டியே செட் பண்ணி வைப்பதுதான் இன்டர்செப்ட். இதுக்கு ஒரு வரலாறு இருக்கு.

2/ அந்தக் காலத்தில் ட்ரங்க் கால் புக் பண்ணணும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங்னு வகைகள். 'பி.பி. கால்' போட்டால் குறிப்பிட்ட ஆளையே ஆபரேட்டர் கேட்பார். அவர் இல்லைன்னா அதையும் சொல்லிடுவார். இன்டர்செப்ட் அன்னிக்கு ஒரு மனுஷக் குரல்.

3/ அந்த மனுஷரை வேண்டாம்னு நினைத்தவர் அமெரிக்காவில் ஈமச்சடங்குத் தொழில் செய்த அல்மன் ஸ்ட்ரௌஜர். தனக்கு வரவேண்டிய கால்களை ஆபரேட்டர் போட்டியாளருக்குத் திருப்புகிறார் என்பது அவர் சந்தேகம் என்பார்கள். 1891-ல் தானியங்கி இணைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். இந்தியாவில் 1960-ல் லக்னோ–கான்பூர் இடையே எஸ்.டி.டி. வந்தது.

4/ 1984-ல் சி-டாட் தொடங்கியது. அதன் 128 லைன் கிராம எக்ஸ்சேஞ்சுக்கு ஏ.சி. தேவையில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி மாதிரி வெயிலும் புழுதியும் நிறைந்த வானம் பார்த்த பூமிக்கு ஏற்ற வடிவமைப்பு. நம்ம 04566 நினைவிருக்கா?

5/ அப்பவும் வீட்டுக்கு வீடு போன் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் நம்பர் பக்கத்தில் 'பி.பி.'ன்னு போடுவாங்க. அது பக்கத்து வீட்டு போன். அந்த வீட்டு அக்காதான் நம்ம ஊர் இன்டர்செப்ட்!

6/ இப்போ அந்த வேலையைப் பெட்டி செய்யுது, நாம சொன்னபடி மட்டும். பிஸியா இருந்தால், எடுக்கலன்னா, தப்பான எக்ஸ்டென்ஷன்னா எங்கே போகணும்னு தனித்தனியா சொல்லணும். பகலுக்கு ரிசப்ஷன் சரி. ராத்திரி அங்கே ஆள் இல்லைன்னா? காலியான மேஜையிலிருந்து இன்னொரு காலியான மேஜைக்குத்தான் கால் போகும்.

7/ நரிக்குடி பக்கம் ராத்திரி ஒருத்தருக்குப் பாம்பு கடிச்சிருக்குன்னு வைங்க. "விஷமுறிவு மருந்து இருக்கா?"ன்னு கேட்கக் கூப்பிடுறாங்க. மணி அடிச்சு ஓய்ந்தால், ஆஸ்பத்திரியே மூடியிருக்குன்னு வேற ஊருக்கு வண்டியைத் திருப்பிடுவாங்க. அந்த நேரம் திரும்பக் கிடைக்காது.

8/ அதனால் கடைசி இன்டர்செப்ட் எப்பவும் ஆள் இருக்கும் இடமாக இருக்கட்டும்: டூட்டி நர்ஸ் மேஜை, அல்லது கேஷுவாலிட்டி. மருத்துவமனை நடத்துறவங்க இன்னிக்கு ராத்திரி 2 மணிக்கு வெளியிலிருந்து உங்க நம்பருக்கே அடிச்சுப் பாருங்க.

9/ பொதுமக்களுக்கு: பாம்புக்கடியில் யார் போனை எடுப்பாங்கன்னு காத்திருக்க வேண்டாம். கட்டாதீங்க, கீறாதீங்க. 108-ஐக் கூப்பிட்டு நேரா அரசு மருத்துவமனைக்குப் போங்க.