தாய்முயலின் பேறுகாலத்தை அறியும் தெள்ளுப்பூச்சி

இராஜபாளையம் என்றதும் நூற்பாலைகளுக்கு அடுத்தபடியாக நம் நினைவுக்கு வருவது அவ்வூரின் வெண்ணிற வேட்டை நாய். 2005-ஆம் ஆண்டு சனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு இந்திய நாய் இனங்களின் அஞ்சல்தலைகளில் இதற்கும் ஓர் இடம் கிடைத்தது. நாய் வளர்ப்போர் அனைவரும் அறிந்த தொல்லை ஒன்று உண்டு. பெட்டை நாய் குட்டி போட்டுச் சில வாரங்கள் கழித்து அது படுத்திருந்த சாக்கை உதறினால், தெள்ளுப்பூச்சிகள் நாலாபுறமும் துள்ளும். குட்டிகளின் மென்மையான வயிற்றிலும் அவை ஓடித் திரியும். தாய் குட்டி போடும் நாள் இந்தச் சின்னஞ்சிறு பூச்சிக்கு எப்படித் தெரிந்தது?

உண்மையில் நாயின் தெள்ளுப்பூச்சிக்கு அது தெரியாது. ஆனால் அந்த நாளை அறிந்துகொள்ளும் தெள்ளுப்பூச்சி ஒன்று இருக்கிறது. அது கண்டறியப்பட்ட வரலாற்றின் தொடக்கத்தை நாம் இந்திய மண்ணில்தான் தேட வேண்டும்.

கொள்ளைநோய் கற்பித்த பாடம்

1896-இல் பம்பாயில் பிளேக் நோய் புகுந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அதற்குப் பலியாயினர். 1898-இல் கராச்சியில் ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் சிமோண்ட், எலியிடமிருந்து நோயைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சியே என்று கூறினார். பலர் அதை நம்பவில்லை. 1905-இல் அமைந்த பிளேக் ஆய்வுக் குழு பம்பாயில் ஓர் எளிய சோதனை செய்தது. நோய் கண்ட வீட்டில் கினிப்பன்றிக் கூண்டு ஒன்று தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்திலும், மற்றொன்று இரண்டு அடி உயரத்திலும் தொங்கவிடப்பட்டன. தாழ்ந்த கூண்டிலிருந்த விலங்குக்கு நோய் வந்தது. உயர்ந்த கூண்டிலிருந்தது தப்பியது. காற்றில் பரவும் நோயாயின் இரண்டையும் தாக்கியிருக்கும். தெள்ளுப்பூச்சியால் அவ்வளவு உயரம் தாவ முடியாது.

எல்லா எலித் தெள்ளும் ஒரே இனம்தானா? இலண்டன் வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த சார்லஸ் ராத்சைல்டு ஓய்வு நேரமெல்லாம் தெள்ளுப்பூச்சிகளைச் சேர்ப்பதிலேயே செலவிட்டவர். சூடானில் தாம் பிடித்த ஓர் இனத்துக்கு 1903-இல் அவர் 'கியோப்பிஸ்' என்று பெயரிட்டார். பிளேக்கைப் பரப்புவதில் தலையாயது அதுவே. அதைப் போலவே தோன்றும் 'ஆஸ்டியா' என்ற மற்றோர் இனத்தை 1911-இல் பிரித்துக் காட்டினார். கொழும்பு நகர எலிகளில் ஆஸ்டியாவே மிகுதி என்பதை 1913-இல் ஹர்ஸ்ட் என்ற மருத்துவர் கண்டார். சென்னை நகர எலிகளிலும் அதே நிலைதான். பிளேக்கைப் பரப்புவதில் ஆஸ்டியா வல்லமை குறைந்தது. பம்பாய் பட்ட பாட்டைச் சென்னை படாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சென்னை மாகாணம் முழுவதும் நடந்த எலித்தெள்ளு ஆய்வின் முடிவுகளை 1931-இல் கிங், சி. ஜி. பண்டிட் ஆகியோர் வெளியிட்டனர். தட்பவெப்பத்துக்கும் தெள்ளின் இனத்துக்கும் பிளேக்குக்கும் உள்ள உறவை அவர்கள் அதில் ஆராய்ந்தனர். 1934-இல் ஜார்ஜ், வெப்ஸ்டர் இருவரும் கம்பம் பள்ளத்தாக்கில் நடத்திய பிளேக் ஆய்வு அச்சில் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்று மேற்கே தெரியும் மலைத் தொடருக்கு அப்பால், வருசநாட்டையும் மேகமலையையும் கடந்தால் வருவது கம்பம் பள்ளத்தாக்கு. குளிர்ச்சியான மேட்டு நிலமும் மலைப்பாங்கும் கியோப்பிசுக்கு ஏற்றவை. வெப்பமான சமவெளி ஆஸ்டியாவுக்கு ஏற்றது. மலைக்கு இந்தப்புறம் ஒரு கதை, அந்தப்புறம் ஒரு கதை என்று ஆவதற்கு ஒரு பூச்சியின் இன வேறுபாடே போதும்.

இந்த எலித்தெள்ளுகள் எலியின் சூலுக்காகக் காத்திருப்பதில்லை. ஆண் எலியானாலும் பெண் எலியானாலும் இரத்தம் கிடைத்தால் முட்டையிடும். வெப்பமும் ஈரப்பதமுமே அவற்றின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துகின்றன. அதாவது, அவற்றின் நாள்காட்டி பருவநிலை.

மகள் தொடர்ந்த ஆராய்ச்சி

சார்லசின் மகள் மிரியம் ராத்சைல்டு 1908-இல் பிறந்தவர். தந்தை சேர்த்து வைத்த தெள்ளுப்பூச்சிகளுக்கு அவர் உருவாக்கிய விரிவான பட்டியலின் முதல் தொகுதி 1953-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் மிக்சோமடோசிஸ் என்ற முயல் நோய் பிரிட்டனில் புகுந்து முயல்களை ஏறத்தாழ அடியோடு அழித்தது. அங்கே அந்நோயைப் பரப்பியது முயல் தெள்ளுப்பூச்சி. எனவே அதை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்க்கும் தேவை எழுந்தது. ஆனால் எத்தனை முயல்களின்மீது விட்டாலும் அது முட்டையிட மறுத்தது!

விடையின் முதற்பகுதியை 1960-இல் மீட்-பிரிக்ஸ், ரட்ஜ் ஆகியோர் கண்டனர். சூல்கொண்ட முயலின் இரத்தத்தைக் குடித்த பெண் பூச்சியின் சூலகம் மட்டுமே முதிர்ச்சி அடைந்தது. அந்த இரத்தத்தில் இருந்த பொருள் எது என்பதை 1964-இல் மிரியம் ராத்சைல்டும் பாப் ஃபோர்டும் வெளிப்படுத்தினர். அது முயலின் சொந்த ஹார்மோனே. சூலில்லாத முயலுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற ஹார்மோன்களை ஊசி வழியாகச் செலுத்தினாலும் பூச்சியின் முட்டைகள் முதிர்ந்தன. பூச்சியின் உடல்மீது அம்மருந்தைத் தெளித்தாலும் அதே விளைவு கிடைத்தது.

நிகழ்ச்சிகளின் வரிசை வியப்பூட்டுவது. முயலின் சூல்காலம் ஏறத்தாழ 30 நாள். தாயின் காதுகளில் பூச்சிகள் இறுகப் பற்றியிருக்கும். கடைசிப் பத்து நாட்களில் தாயின் இரத்தத்தில் கார்ட்டிசோன் வகை ஹார்மோன்கள் உயர, பூச்சியின் சூலகம் வளரத் தொடங்குகிறது. குட்டிகள் பிறந்த சில மணி நேரத்தில் பூச்சிகள் காதை விட்டு முகத்துக்கு இறங்கி, தாய் குட்டிகளைப் பேணும்போது அவற்றின்மீது ஏறிக்கொள்கின்றன. பிறந்த குட்டிகளின் இரத்தத்தைக் குடித்த பிறகே ஆணும் பெண்ணும் கூடுகின்றன. வளையினுள் அமைந்த கூட்டில் முட்டையிடுகின்றன. ஏறத்தாழ 12 நாட்களில் முதிர்ந்த பூச்சிகள் தாயிடமே திரும்பிவிடுகின்றன.

ஏன் இத்தனை கட்டுப்பாடு? தெள்ளின் புழு இரத்தம் குடிக்காது. முதிர்ந்த பூச்சிகள் கழிக்கும் உலர்ந்த இரத்தத் துகள்களை உண்டு, வெதுவெதுப்பான கூட்டின் குப்பையில் வாழும். முயலுக்கு அத்தகைய கூடு அமைவது குட்டி ஈனும் காலத்தில்தான். வேறு நாளில் திறந்த புல்வெளியில் விழும் முட்டை வீணாகும். ஆகவே, தாயின் ஹார்மோனையே தன் நாள்காட்டியாகக் கொண்ட பூச்சி பிழைத்தது.

இந்த அறிவு ஆஸ்திரேலியாவில் சோதனைக்கு உள்ளாயிற்று. பயிரை அழித்த முயல்களிடையே மிக்சோமடோசிசைப் பரப்ப, அங்கே 1968-இல் முயல் தெள்ளு விடப்பட்டது. ஈரமான பகுதிகளில் அது நிலைத்தது. வறண்ட உட்பகுதிகளில் நிலைக்கவில்லை. அதனால் 1993-இல் ஸ்பெயின் நாட்டு முயல் தெள்ளு ஒன்றை விட்டனர். இது பிளேக் தெள்ளின் பேரினத்தைச் சேர்ந்தது. முயலின் சூலுக்காகக் காத்திராமல் முட்டையிடுவது.

மீண்டும் நாயிடம்

இனி இராஜபாளையத்து நாயிடம் வருவோம். நாயின் தெள்ளு, தாயின் சூலைக் கணக்கிடுவதில்லை. ஆண்டு முழுவதும் முட்டையிடும். வழுக்கலான அம்முட்டைகள் நாய் செல்லும் இடமெல்லாம் உதிரும். குட்டி போட்ட தாயோ வாரக்கணக்கில் ஒரே மூலையில் படுத்துக் கிடக்கிறது. முட்டைகளும் புழுக்களின் உணவான இரத்தத் துகள்களும் அந்த ஒரே சாக்கில் குவிகின்றன. கூட்டுப்புழுவோ, வெப்பமும் அசைவும் தன்னைத் தொடும் வரை கூட்டினுள் காத்திருக்க வல்லது. எனவேதான் குட்டிகளுடன் பூச்சிகளும் ஒன்றாகப் பெருகுவதுபோல் நமக்குத் தோன்றுகிறது. முயல் தெள்ளில் உடலுக்குள் நிகழும் இசைவு, இங்கே இடத்தால் நிகழ்கிறது.

இதை அறிந்தால் செய்ய வேண்டியதும் விளங்கும். நாயின் உடலுக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. படுக்கையை அடிக்கடி மாற்றி, சாக்கை வெந்நீரில் அலசிக் கடும் வெயிலில் உலர்த்த வேண்டும். தரையின் இடுக்குகளைக் கூட்டி எடுக்க வேண்டும். குட்டிகளுக்குக் கால்நடை மருத்துவரின் சொற்படி மட்டுமே மருந்து இடலாம். தெள்ளு மிகுந்தால் இளங்குட்டி இரத்தசோகையால் இறந்தும் போகும்.

பம்பாயின் தொங்கும் கூண்டும், கம்பத்தில் பிடித்த எலிகளும், முயலின் காதும் நமக்குக் கற்பிப்பது ஒன்றே. 'தெள்ளுப்பூச்சி' என்ற ஒரு சொல்லுக்குள் பல வாழ்க்கைகள் அடங்கியுள்ளன. எந்தப் பூச்சி, எதற்காக, எப்போது காத்திருக்கிறது என்று பிரித்தறிந்த பின்னரே மனிதனால் அதை வெல்ல முடிந்தது.