ரிக்கி லாம்பர்ட்

ரிக்கி லீ லாம்பர்ட் (பிறப்பு: 16 பிப்ரவரி 1982) இங்கிலாந்தின் முன்னாள் கால்பந்து வீரர், ஸ்ட்ரைக்கராக ஆடியவர். நீண்ட காலம் அந்நாட்டு லீக்கின் கீழடுக்குகளிலேயே ஆடிவந்த இவர், 30 வயதில் பிரீமியர் லீக்கிலும் 31 வயதில் தேசிய அணியிலும் முதன்முதலாகக் களமிறங்கினார். நான்கு அடுக்குகளிலும் கோல் அடித்தவர்கள் பலர் உண்டு. ஆனால் நான்காம், மூன்றாம், இரண்டாம் அடுக்குகள் ஒவ்வொன்றிலும் ஒரு சீசனிலாவது கோல் பட்டியலின் உச்சியில் நின்றுவிட்டு முதல் அடுக்குக்கு வந்து சேர்ந்தவர் என்பதுதான் இவருடைய சிறப்பு.

இங்கிலாந்துக் கால்பந்தின் உச்சியில் 20 அணிகள் கொண்ட பிரீமியர் லீக். அதன் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று மூன்று அடுக்குகள். ஒவ்வொன்றிலும் 24 அணிகள், ஒவ்வோர் அணிக்கும் சீசனுக்கு 46 ஆட்டங்கள். (இந்தப் பெயர்கள் 2004இல் வந்தவை. அதற்கு முன் நான்காம் அடுக்கை ‘மூன்றாம் டிவிஷன்’ என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள். பழைய பதிவுகளைப் படிப்பவர்கள் குழம்பிப்போவது சகஜம்.) கீழடுக்கு ஸ்ட்ரைக்கருக்கு ஒப்பந்தம் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குத்தான். கோல் வற்றினால் கிளப் கைகழுவிவிடும்.

கிர்பியும் பீட்ரூட்டும்

லாம்பர்ட் பிறந்தது லிவர்பூலை ஒட்டியுள்ள கிர்பி என்ற தொழிலாளர் ஊரில். பத்து வயதில் லிவர்பூல் கிளப்பின் இளையோர் அணியில் சேர்ந்தார். பதினைந்தில் ‘போதாது’ என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு பிளாக்பூல். அங்கே மூன்றே லீக் ஆட்டங்கள் ஆடினார், கோல் இல்லை. 2000ஆம் ஆண்டில் அங்கிருந்தும் விடுவிக்கப்பட்டார்.

அடுத்த சில மாதங்கள்தான் பின்னாளில் பத்திரிகைகள் சலிக்காமல் எழுதிய கதை. மேக்கிள்ஸ்ஃபீல்ட் கிளப்பில் சம்பளமில்லாமல் பயிற்சி எடுத்துக்கொண்டே, செலவுக்காகப் பீட்ரூட் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் ஜாடிகளுக்கு மூடி திருகும் வேலைக்குப் போனார். நாள் கூலி 20 பவுண்டு. 2001இல் மேக்கிள்ஸ்ஃபீல்ட் அவரை ஒப்பந்தம் செய்தது. ஒரே ஆண்டில் ஸ்டாக்போர்ட் கிளப் 3 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கிக்கொண்டது. அந்த விலைக்கு ஏற்ற ஆட்டம் அங்கே வரவில்லை. முதல் முழு சீசனில் இரண்டே கோல்கள். மொத்தமாக 98 லீக் ஆட்டங்களில் 18. இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் ஒரு ஸ்ட்ரைக்கரின் பெயர் மறக்கப்படுவதற்கு இந்த எண்ணே போதும்.

2005 பிப்ரவரியில் ராச்டேல் கிளப்புக்கு இறங்கிப் போனார். 2005–06 சீசனில் 22 லீக் கோல்கள் அடித்து, லீக் டூவின் அதிக கோல் வீரர் என்ற இடத்தை இன்னொருவருடன் பகிர்ந்துகொண்டார். அங்கே அவருக்கு ஜோடியாக முன்களத்தில் நின்றவர் கிராண்ட் ஹோல்ட். நான்காம் அடுக்கில் சேர்ந்து ஆடிய இந்த இருவரும் பிற்காலத்தில் வெவ்வேறு அணிகளுக்காகப் பிரீமியர் லீக்கில் ஆளுக்கு ஒரு சீசனில் 15 கோல்கள் அடித்தார்கள்: ஹோல்ட் நார்விச்சுக்காக 2011–12இல், லாம்பர்ட் அதற்கு அடுத்த ஆண்டில். ராச்டேலுக்கு ஆட்டம் பார்க்கப் போன பெரிய கிளப் ஆள்கள் கண்ணை மூடிக்கொண்டா உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

2006 ஆகஸ்டில் பிரிஸ்டல் ரோவர்ஸ் 2 லட்சம் பவுண்டுக்கு அவரை வாங்கியது. முதல் சீசனிலேயே அணி லீக் ஒன்னுக்கு ஏறியது. 2008இல் எஃப்.ஏ. கோப்பை ஐந்தாம் சுற்றில் சவுத்தாம்ப்டனை ஒரு கோலில் வீழ்த்திக் காலிறுதிக்குப் போனது. லாம்பர்ட் அடித்த ஃப்ரீ கிக் வழியில் ஒருவர் மீது பட்டுத் திரும்பி வலைக்குள் போனதுதான் அந்தக் கோல். 2008–09இல் 29 லீக் கோல்கள்.

சவுத்தாம்ப்டன்

அந்தக் கோப்பை ஆட்டத்தில் தோற்ற அணியே அவரைத் தேடி வந்தது. சவுத்தாம்ப்டன் அப்போது கடனில் மூழ்கி, மூன்றாம் அடுக்குக்கு விழுந்திருந்தது; புதிய சீசனுக்கு 10 புள்ளிகளும் வெட்டப்பட்டிருந்தன. 2009இல் சுவிட்சர்லாந்துத் தொழிலதிபர் மார்க்குஸ் லீபெர் கிளப்பை வாங்க, அதே ஆண்டு ஆகஸ்டில் ஏறத்தாழ 10 லட்சம் பவுண்டுக்கு லாம்பர்ட் வந்து சேர்ந்தார். மேலாளர் ஆலன் பார்டியூ முதலில் பார்த்தது அவருடைய எடையைத்தான். உடம்பை இறக்கினால் இன்னும் மேலே போகலாம் என்று அவரிடம் நேராகவே சொன்னார்.

லாம்பர்ட்டின் வாழ்க்கையில் எல்லாம் திரும்பியது இங்கேதான் என்று சொல்லலாம். ஓட்ட வேகம் அவருக்கு எப்போதுமே இருந்ததில்லை. ஆறடிக்கு மேல் உயரம், கனத்த உடம்பு. அப்படிப்பட்டவரைக் கீழடுக்கில் பார்த்ததும் நெடும்பந்துகளை உயரத் தூக்கிப்போட்டு முட்ட வைப்பார்கள். ஆனால் இளமையில் நடுக்களத்திலும் ஆடிய அவருக்குப் பந்தைக் காலில் நிறுத்தி, தலையை நிமிர்த்தி, ஓடுபவனின் பாதையில் தள்ளிவிடத் தெரியும். உடம்பு இறங்கி, தரையோடு பந்தைக் கடத்தி ஆடும் அணியும் வாய்த்தபோது அந்தத் திறமைக்கு வேலை வந்தது. பீட்ரூட் கதையைவிட இது முக்கியம். ஆனால் தலைப்புச் செய்திக்கு இது உதவாது.

முதல் சீசனில் 30 லீக் கோல்கள். வெம்பிளியில் கார்லைல் அணியை 4–1 என்று வென்று ஃபுட்பால் லீக் டிராஃபியைக் கைப்பற்றிய இறுதி ஆட்டத்திலும் ஒரு பெனால்டி. அணி ஏழாம் இடத்தில் முடிந்தது. வெட்டப்பட்ட அந்த 10 புள்ளிகள் மட்டும் இருந்திருந்தால், மேலடுக்குக்கு ஏறுவதற்கான பிளே-ஆஃப் ஆட்டங்களில் இடம் கிடைத்திருக்கும். பிறகு நைஜல் அட்கின்ஸ் மேலாளராக இருந்தபோது அடுத்தடுத்து இரண்டு ஏற்றங்கள். 2010–11இல் 21 லீக் கோல்கள். 2011–12இல் 27, சாம்பியன்ஷிப்பில் அந்த ஆண்டு யாரும் அதைத் தாண்டவில்லை. 2012 ஆகஸ்ட் 19 அன்று நடப்புச் சாம்பியன் மான்செஸ்டர் சிட்டியின் களத்தில் மாற்று வீரராக இறங்கி, தன் முதல் பிரீமியர் லீக் ஆட்டத்திலேயே கோல் போட்டார். அணி 2–3 என்று தோற்றது. அந்த சீசனில் 15 கோல்கள், அடுத்ததில் 13.

சவுத்தாம்ப்டனுக்காக அவர் எடுத்த பெனால்டிகள் 34. உள்ளே போனவையும் 34. மொத்தம் 235 ஆட்டங்களில் 117 கோல்கள்.

இங்கிலாந்து அணி

2013 ஆகஸ்டில் தேசிய அணிக்கு அழைப்பு வந்த நாளின் அதிகாலையில்தான் அவருக்கு ஒரு மகள் பிறந்திருந்தாள். 14ஆம் தேதி வெம்பிளியில் ஸ்காட்லாந்துடன் ஆட்டம். 2–2 என்று இருந்தபோது வெய்ன் ரூனிக்குப் பதிலாக இறங்கினார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. லெய்டன் பெய்ன்ஸ் கொடுத்த கார்னரைத் தலையால் முட்டி வெற்றிக் கோலாக்கினார். மொத்தம் 11 சர்வதேச ஆட்டங்கள், 3 கோல்கள். 2014 உலகக் கோப்பையில் அவருக்குக் கிடைத்தது உருகுவேக்கு எதிரான கடைசிச் சில நிமிடங்கள் மட்டுமே.

பிற்காலம்

2014 ஜூனில் லிவர்பூல் சுமார் 40 லட்சம் பவுண்டுக்கு அவரை வாங்கியது. பதினைந்து வயதில் ‘போதாது’ என்ற அதே கிளப், 32 வயதில் பணம் கொடுத்து அழைத்தது. ஆசைப்பட்டுப் போனார், ஆனால் பெரும்பாலும் மாற்று வீரர் இருக்கைதான், லீக்கில் இரண்டே கோல்கள். 2015–16இல் வெஸ்ட் பிராமிச், அங்கே லீக்கில் ஒன்று. பிறகு மறுபடி இரண்டாம் அடுக்கில் கார்டிஃப் சிட்டி. 2017 அக்டோபரில், 35 வயதில், ஓய்வை அறிவித்தார்.