ஹிப் ஹாப் பீட்: கைமாறி வந்த வித்தை

ஹிப் ஹாப் பாட்டில் குரலுக்கு அடியில் ஓடும் தாளக்கட்டுக்குப் பீட் என்று பெயர். கிக், ஸ்நேர், ஹை-ஹாட் ஆகிய மூன்று டிரம் ஒலிகள், அவற்றைத் தாங்கும் பேஸ், பெரும்பாலும் ஏதோ ஒரு பழைய இசைத்தட்டிலிருந்து வெட்டியெடுத்த துண்டு: ஒரு பீட்டுக்கு இவ்வளவு போதும். பீட் போடுபவரைப் புரொடியூசர் என்பார்கள். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1970-களில் பிறந்த இந்தக் கலைக்கு நெடுங்காலம் பள்ளியும் கிடையாது, பாடநூலும் கிடையாது. காதால் கேட்டும், தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும், இரவல் கருவியில் பழகியும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்ச் சேர்ந்த வித்தை இது.

பொதுவாகச் சொல்லப்படும் தொடக்க நாள் 1973 ஆகஸ்ட் 11. பிராங்ஸில் செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தின் பொதுக்கூடத்தில், பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கப் பணம் சேர்க்க சிண்டி கேம்பல் என்ற பெண் ஒரு விருந்து நடத்தினாள். இசைத்தட்டு போட்டவர் அவளுடைய அண்ணன் கிளைவ் கேம்பல். ஜமைக்காவிலிருந்து சிறுவயதில் வந்து குடியேறியவர். டிஜே கூல் ஹெர்க் என்று அறியப்பட்டவர். பாட்டின் நடுவே மற்ற வாத்தியங்கள் ஒதுங்கி டிரம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில விநாடிகளுக்குத்தான் ஆடுபவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதை ஹெர்க் கவனித்திருந்தார். அந்தப் பகுதிக்குப் பிரேக் என்று பெயர். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கி, இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றதில் தொடங்கினார். ஐந்தாறு விநாடித் துண்டு ஐந்து நிமிடம் ஓடியது. இன்று கணினியில் லூப் என்று ஒரே சொடுக்கில் செய்வதன் மூலவடிவம் இதுதான்.

ஹெர்க் ஊசியை உத்தேசமாகத்தான் வைப்பார். அதைத் துல்லியமாக்கியவர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் எனப்படும் ஜோசஃப் சாட்லர். தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்த இவர், பிரேக் எங்கே தொடங்குகிறது என்று இசைத்தட்டின் மேலேயே கிரேயானால் குறியிட்டார். தட்டை எத்தனை சுற்று பின்னுக்கு இழுத்தால் அதே இடத்துக்குத் திரும்பலாம் என்று கணக்கு வைத்துக்கொண்டார். அடுத்த தட்டைக் கூட்டத்துக்குக் கேட்காமல் தான் மட்டும் முன்கூட்டியே கேட்டுப்பார்க்க ஒரு சுவிட்சையும் தானே செய்துகொண்டார். பீட் போடுவதில் பொறியியலும் காதும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அந்த மேசை.

இவ்வளவு நடந்தும் முதல் ராப் பதிவுகளில் இந்த வித்தை இடம்பெறவில்லை என்பது வியப்புதான். 1979-இல் வெளியாகி உலகமெங்கும் போன ‘ராப்பர்ஸ் டிலைட்’ பாட்டுக்கு ஸ்டூடியோவில் வாத்தியக்காரர்களை வைத்தே வாசித்தார்கள். ஷிக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ மெட்டைத்தான் மறுபடி வாசித்தார்கள். தெருவில் டிஜே செய்ததை ஸ்டூடியோவுக்குள் கொண்டுவரக் கருவி தேவைப்பட்டது.

கருவிகள் 1980-இல் வந்தன. ரோஜர் லின் என்ற அமெரிக்கர் செய்த எல்எம்-1, உண்மையான டிரம் ஒலிகளைப் பதிந்து வைத்து ஒலிக்கவிட்ட முதல் டிரம் மெஷின். விலை 5,000 டாலரை ஒட்டியது. பணக்கார ஸ்டூடியோக்களுக்கே கட்டுப்படியானது. அதே ஆண்டு ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டிஆர்-808-ஐ 1,195 டாலருக்குக் கொண்டுவந்தது. இதில் பதிவொலி எதுவும் கிடையாது. டிரம் ஒலியை மின்சுற்றே உருவாக்கும். அதன் ஸ்நேர் ஸ்நேர் போல ஒலிக்காது. கைதட்டல் கைதட்டல் போல இருக்காது. வாங்கியவர்கள் குறைவு. சுமார் 12,000 கருவிகளோடு 1983-இல் உற்பத்தியே நின்றுவிட்டது. விலைபோகாத 808-கள் பழைய சாமான் கடைகளுக்குப் போயின. அங்கேதான் காசில்லாத இளைஞர்கள் கையில் கிடைத்தன. அடித்த பிறகும் நெடுநேரம் ரீங்கரித்துத் தேயும் அதன் கிக், கார் ஸ்பீக்கரை அதிரவைத்தது. 1982-இல் டிஜே ஆஃப்ரிக்கா பம்பாட்டாவும் தயாரிப்பாளர் ஆர்தர் பேக்கரும் செய்த ‘பிளானட் ராக்’ பாட்டு 808-இன் பெயரை நிலைநிறுத்தியது. அந்தப் பதிவுக்குச் சொந்தக் கருவிகூட இல்லை. விளம்பரம் பார்த்து, 808 வைத்திருந்த ஒருவரைக் கூலிக்கு அழைத்து வந்தார்கள்.

அடுத்த திருப்பம் நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜைச் சேர்ந்த புரொடியூசர் மார்லி மார்லால் வந்தது. 1980-களின் நடுவில், ஒரு தட்டிலிருந்து வேறு ஒலியைப் பிடிக்கப்போன அவருடைய சாம்பிளரில், அதாவது ஒலித்துண்டைப் பதிந்து மறுபடி ஒலிக்கவிடும் கருவியில், தற்செயலாக ஒரு ஸ்நேர் அடி மாட்டிக்கொண்டது. அதைத் தட்டிப் பார்த்தபோது டிரம் மெஷினில் வரவே வராத கனம் அதில் இருந்தது. பழைய தட்டின் கிக்கைத் தனியே, ஸ்நேரைத் தனியே வெட்டி, தனக்கு வேண்டிய வரிசையில் அடிக்கலாம் என்பது அவருக்குப் புரிந்தது. 1973-இல் ஹனி டிரிப்பர்ஸ் வெளியிட்ட ‘இம்பீச் த பிரசிடென்ட்’ பாட்டின் டிரம்மைக் கொண்டு அவர் ‘த பிரிட்ஜ்’ பாட்டைச் செய்தார். அதற்குப் பிறகு இசைத்தட்டுக் கடைதான் பீட் போடுபவர்களின் நூலகமாயிற்று. 1986 முதல் 1991 வரை ‘அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்’ என்ற தொகுப்பு 25 பாகங்களாக வந்தது. புகழ்பெற்ற பிரேக்குகள் உள்ள பாட்டுகளை ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுத்த அந்தத் தட்டுகளைப் பாடநூல் என்று சொன்னால் தகும்.

1987-இல் ஈ-மு நிறுவனத்தின் எஸ்பி-1200 என்ற சாம்பிளர் வந்தது. அதன் நினைவகம் மொத்தமே பத்து விநாடி. ஒரு ஒலிக்கு இரண்டரை விநாடிக்கு மேல் இடமில்லை. இதைச் சமாளிக்க நியூயார்க் இளைஞர்கள் ஒரு வழி கண்டார்கள். நிமிடத்துக்கு 33 சுற்று ஓடவேண்டிய தட்டை 45-இல் ஓடவிட்டுப் பதிவுசெய்வார்கள். துண்டு சுருங்கிவிடும், நினைவகத்தில் நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். பிறகு கருவிக்குள்ளேயே வேகத்தைக் குறைத்துப் பழைய சுருதிக்கு இறக்குவார்கள். இறக்கும்போது ஒலியில் ஒரு சொரசொரப்பு ஏறும். 12 பிட் துல்லியம் மட்டுமே கொண்ட கருவி அதை இன்னும் கூட்டியது. இட நெருக்கடியில் பிறந்த அந்தச் சொரசொரப்புதான் தொண்ணூறுகளின் நியூயார்க் ஹிப் ஹாப்புக்கே அடையாளமானது. இன்று அதே ஒலியை வரவழைக்கத் தனி மென்பொருள் விற்கிறார்கள்.

மறு ஆண்டு ரோஜர் லின் ஜப்பானின் அகாய் நிறுவனத்தோடு சேர்ந்து எம்பிசி-60 என்ற சாம்பிளரைச் செய்தார். நான்குக்கு நான்காகப் பதினாறு ரப்பர் பேட்கள். விரலால் அடிக்கும் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடும், குறையும். பீட் போடுவது மறுபடியும் கைவேலையானது.

அந்தக் கைவேலையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். புதிதாகக் கற்பவர் முதலில் போட்டுப் பார்க்கும் பூம் பாப் என்ற பாணிப் பீட்டின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 90 அடி. நான்கு அடி கொண்ட ஒரு சுற்றைப் பதினாறு கட்டமாகப் பிரிக்கிறார்கள். ஸ்நேர் 5, 13-ஆம் கட்டங்களில் விழும். அவை இரண்டும் தூண்கள். ஹை-ஹாட் ஒற்றைப்படைக் கட்டங்கள் எல்லாவற்றிலும் ஓடும். கிக்கை 1, 8, 11-இல் வைக்கலாம். இப்படியே ஓடவிட்டால் பீட் விறைப்பாக நிற்கும். இங்கேதான் லின் கண்டுபிடித்த ஸ்விங் உதவிக்கு வருகிறது. இரட்டைப்படைக் கட்டங்களை மட்டும் அது சற்றே பின்தள்ளும். 50 சதவீதம் என்றால் தள்ளலே இல்லை, சுத்தமான சதுஸ்ர நடை. 66 சதவீதத்தில் அது திஸ்ரமாகிவிடும். ஹிப் ஹாப் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் வாழ்கிறது. 58 சதவீதம் வைத்தால் 8-ஆம் கட்டத்துக் கிக் ஏறக்குறைய 27 மில்லி விநாடி பிந்தி விழும். காது அதைப் பிசகு என்று கேட்பதில்லை. தலை தானாக ஆடத் தொடங்குகிறது. கையால் மிருதங்கமோ தவிலோ பழகியவருக்கு இந்த இடம் உடனே பிடிபடும்.

இதையெல்லாம் யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதற்கும் பதிவு உண்டு. குவீன்ஸில் ஒலிப்பதிவாளராக இருந்த பால் சி, எஸ்பி-1200-இன் நுட்பங்களை லார்ஜ் புரொஃபசர் என்ற இளைஞருக்குக் கற்றுக்கொடுத்தார். 1989-இல் 24 வயதில் பால் சி சுட்டுக் கொல்லப்பட்டார். அவரிடம் கற்றதைக் கொண்டு லார்ஜ் புரொஃபசர் 1991-இல் மெயின் சோர்ஸ் குழுவின் ‘பிரேக்கிங் ஆட்டம்ஸ்’ தொகுப்பைச் செய்தார். நாஸ் என்ற பாடகரின் குரல் முதன்முதலாகப் பதிவாகி வெளிவந்தது அந்தத் தொகுப்பில்தான். டெட்ராய்டில் ஆம்ப் ஃபிட்லர் என்ற கீபோர்டு கலைஞர், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தம் வீட்டையும் எம்பிசி-60-ஐயும் திறந்து வைத்திருந்தார். அங்கே பழகியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் யான்சி. பின்னாளில் ஜே டில்லா.

ஹிப் ஹாப் டிரம்மைப் பற்றிப் பேசும் எவரும் டில்லாவைக் கடந்து போக முடியாது. அவருடைய பீட்டில் கிக் ஒரு காலத்திலும், ஸ்நேர் இன்னொரு காலத்திலும், ஹை-ஹாட் மூன்றாவது காலத்திலும் நடக்கும். ஆனாலும் எல்லாம் சேர்ந்து ஒரே ஓட்டமாக இருக்கும். அடியைக் கட்டத்துக்குள் இழுத்து நேராக்கும் குவான்டைஸ் வசதியை அணைத்துவிட்டு வாசித்தார் என்பதே பரவலான நம்பிக்கை. அது பாதி உண்மை. 2022-இல் வந்த ‘டில்லா டைம்’ நூலில் டேன் சார்னஸ் மீதிப் பாதியைக் காட்டுகிறார்: ஒவ்வொரு ஒலியையும் முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி எம்பிசியிலேயே இருந்தது, டில்லா அதை வேண்டுமென்றே, அளந்து பயன்படுத்தினார். தன்னியல்பாகத் தோன்றியதன் பின்னால் அவ்வளவு உழைப்பு இருந்திருக்கிறது. 2006 பிப்ரவரி 7, தமது 32-ஆவது பிறந்தநாளில், ‘டோனட்ஸ்’ தொகுப்பை வெளியிட்டு, மூன்று நாள் கழித்து அவர் இறந்தார். அவருடைய எம்பிசி-3000 இன்று வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கான ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கருவிகளின் விலைச் சுவரை இடித்தது பெல்ஜியத்தின் இமேஜ்-லைன் வெளியிட்ட ஃப்ரூட்டிலூப்ஸ். 1990-களின் பின்பாதியில் வந்த இந்த மென்பொருளுக்கு 2003-இல் எஃப்எல் ஸ்டூடியோ என்று பெயர் மாறியது. வீட்டுக் கணினியிலேயே பதினாறு கட்டமும் பெட்டி பெட்டியாகக் கண்முன் தெரியும். இதில் பீட் போடுவதை முதலில் விளையாட்டு என்று ஒதுக்கியவர்கள் உண்டு. வட கரோலினாவின் நைன்த் வொண்டர் இதிலேயே பீட் போட்டு, 2003-இல் ராப் பாடகர் ஜே-ஸீயின் ‘த பிளாக் ஆல்பம்’ வரை போனதும் அந்தப் பேச்சு அடங்கியது. அவர் பின்னர் டியூக் பல்கலைக்கழகத்தில் ஹிப் ஹாப் பாடமும் நடத்தினார். தெற்கு மாநிலங்களில் இதே மென்பொருளில் 808-இன் நீண்ட கிக்கைப் பேஸாகச் சுருதி சேர்த்து, ஹை-ஹாட்டைப் பொடிப்பொடியாக உருட்டும் டிராப் பாணி வளர்ந்தது. அட்லாண்டா பாடகர் வாக்கா ஃப்ளாக்காவுக்கு 2010-இல் ‘ஹார்ட் இன் டா பெயின்ட்’ பீட்டைப் போட்ட லெக்ஸ் லூகருக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை.

தமிழோடு இந்த வரலாற்றுக்கு உள்ள உறவு சின்னதுதான், ஆனால் உண்மையானது. ஈழத்து வேர்கொண்ட லண்டன் கலைஞர் மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில், ரோலண்ட் எம்சி-505 என்ற கருவியைத் தானே தட்டிப் பழகித் தம் முதல் பாட்டுகளை உருவாக்கினார். 2007-இல் வந்த ‘கலா’ தொகுப்புக்காகச் சென்னையில் உருமி மேளக்காரர்களை வைத்துப் பதிவுசெய்தார். மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவோடு 2006-இல் கொண்டுவந்த ‘வல்லவன்’ தமிழ் ராப்புக்கு ஒரு தளம் அமைத்தது.

சட்டத்தின் கதை கடைசியாக, ஆனால் கற்பவர் முதலில் அறியவேண்டியது. 1991 டிசம்பரில், ராப் பாடகர் பிஸ் மார்க்கீ பாடகர் கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாட்டிலிருந்து அனுமதியின்றித் துண்டெடுத்த வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் உரிமம் வாங்குவது கட்டாயமாயிற்று. பல பாட்டுகளை அடுக்கடுக்காக வெட்டிச் சேர்க்கும் பாணி கட்டுப்படியாகாமல் தேய்ந்தது. இதில் வருந்தத்தக்கது, உரிமப் பணம் டிரம் வாசித்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்பது. ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு வாசித்த பிரேக் எண்ணற்ற பாட்டுகளில் ஒலிக்கிறது. பாட்டை இயற்றியவர் என்ற இடத்தில் அவர் பெயர் இல்லாததால் ராயல்டி அவருக்குக் கிடைக்கவில்லை. 1969-இல் வின்ஸ்டன்ஸ் குழுவின் ‘ஆமென், பிரதர்’ பாட்டில் கிரகரி கோல்மன் வாசித்த நான்கு சுற்று உலகின் மிக அதிகம் வெட்டியெடுக்கப்பட்ட டிரம் துண்டுகளில் ஒன்று. அவரும் பைசா காணாமல் 2006-இல் இறந்தார். 2015-இல் ரசிகர்கள் இணையத்தில் திரட்டிய சுமார் 24,000 பவுண்டு, குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சர் கைக்குப் போயிற்று.

இன்று பல ஒலித்தொகுப்புகளில் ஸ்டபிள்ஃபீல்டு, கோல்மன் இருவரின் அடிகளும் பெயரில்லாத கோப்புகளாகக் கிடைக்கின்றன. பீட் போடப் பழகுபவர்கள் அந்தத் துண்டை எடுக்குமுன் முழுப் பாட்டையும் ஒருமுறை கேளுங்கள். வெளியிடுவதானால் உரிமம் கேளுங்கள். வாசித்தவர் பெயரை உங்கள் பாட்டின் குறிப்பில் போடுங்கள்.