கம்பம் பள்ளத்தாக்கு: சிறு உழவர் கூட்டு விற்பனை

மேகமலைக்கும் கேரள எல்லை மலைகளுக்கும் நடுவே, முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் விவசாயம் நடக்கும் தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கில் சிறு உழவர்கள் விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாடுகள் இவை. இங்கு பெயர்பெற்ற பயிர் பன்னீர் திராட்சை. ஆண்டு முழுவதும் அறுவடை உண்டு. ஆனால் பழம் நாள் தாங்காது. பழுத்த குலையைக் கொடியில் விட்டுவிட்டுப் பேரம் பேச முடியாததால் தனி விவசாயியின் குரல் வியாபாரியிடம் எடுபடுவதில்லை. இத்திராட்சைக்கு 2023இல் கிடைத்த புவிசார் குறியீடு பெயரைக் காக்கும். விலையைக் காப்பது வேறு வேலை.

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம் கம்பத்துக்கும் வந்தது. தரகர் இல்லை, கமிஷன் இல்லை. எனினும் அது நேரடி விற்பனையே. ஒவ்வொருவரும் தம் கூடையைத் தாமே விற்கிறார்கள். சேர்ந்து விற்கச் சட்ட வடிவம் தந்தது உற்பத்தியாளர் நிறுவனங்களை அனுமதித்த 2002ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத் திருத்தம்: பத்து உற்பத்தியாளர்கள் இருந்தாலே தொடங்கலாம். நாடெங்கும் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் மத்தியத் திட்டம் 2020இல் வந்தது.

திராட்சைக்கு இந்த வழிகள் என்றால், ஏலக்காய்க்கு இதே மாவட்டத்தின் போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் உள்ளது.