பரங்கிமலைச் சிலுவையும் எபேசஸ் சர்ச்சையும்

பைசாண்டியத்தின் ஆரம்ப நூற்றாண்டுகளது சிந்தனையைப் பற்றி எழுத வந்தால், 529-இல் ஜஸ்டினியன் ஏதென்ஸின் தத்துவப் பள்ளியை ஒடுக்கியதிலிருந்து தொடங்குவது வழக்கம். நான் பரங்கிமலையிலிருந்து தொடங்குகிறேன். சிறுசேரியில் இருக்கும் எனக்கு, பஸ் மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தடயம் அதுதான்.

மலைமேல் உள்ள மாதா கோயிலில், பலிபீடத்துக்குப் பின்சுவரில், ஒரு கற்சிலுவை பதிக்கப்பட்டிருக்கிறது. 1547-இல் போர்த்துகீசியர் அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்தது. சிலுவையைச் சுற்றி வளைவாக ஒரு வரி. எழுத்து பஹ்லவி, சாஸானியப் பாரசீகத்தில் வழங்கியது. 7-ஆம் நூற்றாண்டுக்கும் 9-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்று பொதுவாகக் கொள்கிறார்கள். கோட்டயம் வலிய பள்ளியிலுள்ள சிலுவையிலும் இதே வரி இருக்கிறது.

பாரசீகக் கிறிஸ்தவன் ஒருவன் இங்கே கல்வெட்டும்படி ஆனதற்குப் பின்னால் ஒரு சொல்லைப் பற்றிய சண்டை இருக்கிறது. 428-இல் கான்ஸ்டான்டிநோபிளின் தலைமை குருவான நெஸ்டோரியஸ், மரியாளைக் ‘கடவுளின் தாய்’ என்பதைவிட ‘கிறிஸ்துவின் தாய்’ என்பதே பொருந்தும் என்றார். பிறந்ததும், பசித்ததும், சிலுவையில் செத்ததும் மனிதத் தன்மைக்கு உரியவை. தெய்வத்தன்மையைத் துன்பம் தீண்டாது என்பது அவர் கட்சி. அலெக்ஸாண்ட்ரியாவின் சிரில் இதை மறுத்தார். துன்பப்பட்டவர் கடவுளே என்று சொல்ல முடியாவிட்டால் மனிதனுக்கு மீட்சி எங்கிருந்து வரும் என்று கேட்டார். 431-இல் எபேசஸில் கூடிய சபை நெஸ்டோரியஸைப் பதவி நீக்கியது.

ஒரு சொல்லுக்காகவா இவ்வளவு என்று நாம் சிரிப்பதற்கில்லை. வடகலை, தென்கலை என்று கோர்ட் படி ஏறியவர்கள் நாம். சிறுபத்திரிகைக்காரர்கள் இதைவிடச் சின்னக் காரணத்துக்கெல்லாம் பிரிந்திருக்கிறோம். எபேசஸில் எழுந்த கேள்வியோ பெரியது: கடவுளுக்கு வலிக்குமா?

489-இல் சக்கரவர்த்தி ஸீனோ எடெஸ்ஸா பள்ளியை மூடினார். நெஸ்டோரியஸின் பக்கம் சாய்ந்த ஆசிரியர்கள் அதற்கு முன்பிருந்தே எல்லை தாண்டிப் பாரசீகத்தின் நிஸிபிஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எதிரி நாட்டின் மதத்தைச் சேர்ந்தவர்கள் என்ற சந்தேகத்துக்கு ஆளாகியிருந்த பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு, ரோமோடு கொள்கையில் வேறுபடுவது ஒருவகையில் பாதுகாப்பாகவும் இருந்தது. அவர்களின் வணிகர்கள் கடலேறினார்கள். 550 வாக்கில் எழுதிய அலெக்ஸாண்ட்ரிய வணிகர் காஸ்மாஸ், இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு கோயிலும் பாரசீகத்திலிருந்து நியமிக்கப்பட்ட குருவும் இருந்ததாகச் சொல்கிறார். மிளகு விளையும் மலபாரிலும் கிறிஸ்தவர்கள் உண்டு என்கிறார். உலகம் தட்டையானது, பிரபஞ்சம் யூதர்களின் ஆசரிப்புக் கூடாரம்போல அமைந்தது என்று வாதாடியவர் அவர். அவருடைய பிரபஞ்சம் நிற்கவில்லை. துறைமுகச் செய்திகள் நின்றுவிட்டன.

கல்லுக்குத் திரும்புகிறேன். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் ஒரு பண்டிதரை அழைத்து வாசிக்கச் சொன்னார்கள். அந்த ஒற்றை வரியிலிருந்து அவர் தோமையாரின் சரித்திரத்தையே நீளமாக எடுத்துக் கொடுத்தார். கேட்டவர்களுக்கு வேண்டியிருந்தது அதுதான். 1873-இல் பர்னல் எழுத்தைச் சரியாகப் பஹ்லவி என்று இனம் கண்டார். ஆனால் வரியில் அவர் கண்டது ஒரு இறையியல் பிரகடனம். பிறகு வந்தவர்களின் வாசிப்பில் சரித்திரமும் இல்லை, சித்தாந்தமும் இல்லை. இந்தச் சிலுவைக்குக் காரணமான, சஹார்புக்தின் மகனான ஒருவன், தன்மேல் இரக்கம் வைக்கும்படி கிறிஸ்துவிடம் கேட்கிறான். அவ்வளவுதான்.

இதே கல்லைப் புனிதப் பொருளாகப் பலிபீடத்தில் ஏற்றிய போர்த்துகீசியர், 1599-இல் உதயம்பேரூர் சபையில் நெஸ்டோரியஸைச் சபிக்கச் சொன்னார்கள். சிரியாக் சுவடிகளைப் பதர் என்று நெருப்பில் போட்டார்கள். கல்லை வைத்துக்கொண்டு, கல் வந்த வழியை எரித்தார்கள். ‘கடவுளின் தாய்’ என்று சொல்லத் தயங்கிய மரபிலிருந்து வந்த சிலுவை இன்று மாதா கோயிலின் நடுவில் இருப்பதை அங்கே மண்டியிடும் யாரும் முரணாக உணர்வதாகத் தெரியவில்லை. உணர வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன்.

ஆனால் சிந்தனையின் சரித்திரத்தை எழுதுகிறவனுக்கு இந்தக் கல் ஒரு எச்சரிக்கை என்றே எனக்குப் படுகிறது. சபைத் தீர்மானங்களும் கண்டனங்களும் ஏட்டில் கிடைக்கின்றன. அவற்றை நம்பி வாழ்ந்தவன் தன் கடவுளிடம் என்ன பேசினான் என்பது அபூர்வமாகவே கிடைக்கிறது. தெய்வத்தன்மையைத் துன்பம் தீண்டாது என்று கற்பித்த மரபில் வந்தவன், சொந்த நாட்டிலிருந்து கடல் கடந்த ஒரு குன்றில், இரக்கம் கேட்கிறான். வலி தெரியாதவரிடம் யாரும் இரக்கம் கேட்பதில்லை. எபேசஸின் கேள்விக்கு அவன் வைத்திருந்த பதில் அந்த வேண்டுதலுக்குள் இருக்கிறது. அது எந்தக் கட்சியின் பதில் என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

அவன் பெயரை ஒருவர் அஃப்ராஸ் என்று வாசித்தார். இன்னொருவர் ஸப்ரீஷோ என்கிறார். அப்பன் பெயரில் மட்டும் பின்னால் வந்தவர்களுக்குள் சண்டை இல்லை.