வாசகசாலையும் ஹாக்கிக் குழுவும்

1924ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் பம்பாயில் அண்ணல் அம்பேத்கர் ‘பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை’யை நிறுவினார். விலக்கப்பட்டோர் நலச் சபை என்பது அதன் பொருள். 1925இல் சோலாப்பூரில் நம் மாணவர்க்கு விடுதி அமைத்து, உணவும் உடையும் ஏடும் அளித்தது. பம்பாயில் இலவச வாசகசாலை நடத்திற்று.

மகர் ஹாக்கிக் குழு ஒன்றையும் அச்சபை பேணியது என்பதை அறிந்தோர் சிலரே. குடியிலும் சூதிலும் மாலைப்பொழுதை இழவாதிருக்கவே இளைஞர் கையில் மட்டை தரப்பட்டது. இதனைச் சிறு செய்தியெனத் தள்ளுவாரோடு எமக்கு உடன்பாடில்லை. சேரியின் உடல்நலம் மருத்துவமனையில் மட்டும் பிறப்பதன்று. கூடிப் பழகக் களம் வேண்டும்.

குடிக்க நீரும் வேண்டுமன்றோ? மகாத் நகராட்சி 1924இலேயே சவுதார் குளத்தை யாவர்க்கும் பொதுவென அறிவித்திருந்தது. ஆயினும் 1927 மார்ச்சில் அங்குக் கூடிய மாநாட்டிற்கு 40 ரூபாய் கொடுத்தே நீர் வாங்க நேர்ந்தது! மார்ச் 20ஆம் நாள் அண்ணல் முன்செல்ல, நம் மக்கள் அக்குளத்து நீரை அள்ளிப் பருகினர். சாதி இந்துக்கள் அவர்களைத் தாக்கினர். பின்னர் 108 குடம் நீரில் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து குளத்திலேயே கொட்டித் ‘தூய்மை’ செய்தனர். எது தூய்மை என்பதைப் படிப்போரே அறிவர்.

1928இல் சபை கலைக்கப்பெற்று, அதனிடத்தில் கல்விக்கென வேறொரு கழகம் எழுந்தது. குளத்து வழக்கோ, 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் நம்மவர்க்குச் சார்பாய்த் தீர்ப்பளிக்கும்வரை நீண்டது.