மருந்துச் சட்டம் வந்த வழி

மருந்தே நஞ்சானால் நோயாளி எங்கே போவான்? இவ்வினாவே மருந்துச் சட்டங்களை ஈன்றது. அமெரிக்காவில் 1937-இல், டை எத்திலீன் கிளைகால் என்னும் நஞ்சு சேர்ந்த திரவ மருந்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டே, தீங்கற்றதென மெய்ப்பிக்காமல் புது மருந்து விற்றலாகாது என்னும் கூட்டாட்சிச் சட்டம் அங்கே பிறந்தது. நம் நாட்டிலும் சோப்ரா குழுவின் ஆய்வுக்குப் பின் 1940-இல் மருந்துச் சட்டம் வந்தது.

எனினும் 1986-இல், நம் பம்பாயின் ஜே.ஜே. மருத்துவமனையில் அதே நஞ்சு கலந்த கிளிசரின் 14 உயிர்களைக் கொண்டது. இனிப்பிலும் தோற்றத்திலும் இரண்டும் ஒத்திருப்பதால், சோதனைச்சாலையன்றி வேறெதுவும் பிரித்தறியாது. நீதிபதி லெண்டின் விசாரணைக் குழு, கண்காணிக்க வேண்டியோரின் குற்றங்களையும் வெளிப்படுத்தியது. ஏட்டிலுள்ள சட்டம் உயிரைக் காவாது, சோதனையே காக்கும்.

இன்று நம் இல்லங்களில் புழங்கும் சத்து மாவுகளும் சத்து மாத்திரைகளும் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கும். அவை நோய் தீர்க்குமென்று விற்றல் குற்றமாகும். மாதுங்காவிலோ, செம்பூரிலோ, தாராவியிலோ எதை வாங்கினும், உரிம எண்ணும் காலாவதி நாளும் நோக்கிப் பற்றுச்சீட்டுப் பெறுவோமாக.